புதுக்குப்புறம்

திருச்சிற்றம்பலம்

மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில், பெரியகுளத்திற்கு அணித்தாய், மலைப்பூண்டு வாணிகத்தால் நாடறிந்த நம் வடுகபட்டியில் திருக்குட நன்னீராட்டுப் பெருவிழா நிகழ்கின்றது. வேள்விச்சாலையின் மறையொலியும் ஓதுவாமூர்த்திகளின் திருமுறையொலியும் ஒருங்கு கேட்கும் இந்நன்னாளில் விமானக் கலசத்தை நோக்கிக் கைகுவிக்கும் மெய்யன்பர்கள் மிகப் பலர். விழா முடிந்த மறுநாள் தொடங்கி அடுத்த பன்னீராண்டு வரையில் அக்கோயிலைக் காக்கும் பொறுப்பை எண்ணிப் பார்ப்போர் சிலரே. அச்சிலரைப் பலராக்குதல் வேண்டும் என்னும் கருத்தினால் சில வரலாற்றுச் செய்திகளை ஈண்டுத் தொகுத்துரைக்கப் புகுகின்றேன்.

நம் நாட்டுக் கல்வெட்டுக்களைக் கற்போர், 'புறம்' என முடியும் சொற்கள் பலவற்றை அடிக்கடி காண்பர். மடத்திற்கு விட்ட நிலம் மடப்புறம். திருவிளக்கிற்கு விட்டது திருவிளக்குப்புறம். நந்தவனத்திற்கு விட்டது திருநந்தவனப்புறம். இவ்வரிசையில் மற்றொரு சொல்லும் உண்டு. அது 'புதுக்குப்புறம்' என்பது. கோயிலில் பழுதுற்றவற்றைப் புதுக்குதற்பொருட்டே விடப்பட்ட நிவந்தம் அது. விளக்கு எரியவும், அமுது படைக்கவும் பொருள் வைத்த நம் முன்னோர், கட்டடம் காலத்தால் தேயும் என்பதையும் முன்னரே உணர்ந்து, அத்தேய்வை மாற்றுதற்கும் தனியே பொருள் வைத்தனர். கட்டியவனுக்குப் பின் கட்டடம் யார் கையில் வாழும் என்னும் வினாவிற்கு அவர்கள் கண்ட விடை இவ்வொரு சொல்லில் அடங்கிக் கிடக்கின்றது.

பழுது நீக்குதலே பெரும்பணி

நன்னீராட்டினை நால்வகையாகப் பகுத்துரைப்பது வழக்கு. புதிதாக எடுத்த கோயிலுக்குச் செய்வது ஆவர்த்தம்; வழிபாடின்றி நெடுநாள் கிடந்து சிதைந்த கோயிலை மீட்டுச் செய்வது அநாவர்த்தம்; பழுதுற்ற கோயிலைப் புதுக்கிச் செய்வது புனராவர்த்தம்; களவு முதலிய தீங்கு நேர்ந்தவிடத்துச் செய்வது அந்தரிதம். நான்கனுள் ஒன்றே புதிய ஆக்கம் பற்றியது. ஏனைய மூன்றும் முன்னர் உள்ளதை மீட்டுக் காப்பன. சீர்ணோத்தாரணம் என்னும் வடசொல்லின் பொருளும் இதுவே. சீர்ணம் என்பது தேய்ந்தது. உத்தாரணம் என்பது மேலெடுத்தல். தேய்ந்ததைத் தள்ளிவிட்டு வேறொன்றை வைத்தலை அச்சொல் குறிப்பதன்று.

இவ்வுண்மையை நூற்பொருளாக மட்டும் அன்றி வாழ்க்கையாகவே காட்டியவர் நம் அப்பரடிகள். தமிழ்நாடெங்கும் நடந்து பதிகம் பாடிய அப்பெருமான் கையில் உழவாரப்படை இருந்தது. மதிலிடுக்கில் முளைத்த செடியையும், முற்றத்தில் மண்டிய புல்லையும் களைவதே அப்படையின் வேலை. சிறிய ஆலஞ்செடி ஒன்று இருபதாண்டில் விமானத்தைப் பிளக்கும் என்பதைக் கண்ட எவரும் உழவாரத்தின் அருமையை உணர்வர்.

திருவாரூர்த் தண்டியடிகள் வரலாறும் இவ்விடத்து நினைக்கத்தக்கது. புறக்கண் இல்லாத அவ்வடியார், திருக்கோயிலின் மேற்பால் உள்ள குளம் பிறர் இருப்பிடங்களால் இடங்குறைந்து தூர்ந்ததை அறிந்தார். குளத்தினுள் ஒரு கோலும் கரையில் ஒரு கோலும் நட்டு, இரண்டிற்கும் இடையே கயிறு கட்டி, அதனைத் தடவிக்கொண்டே மண்ணெடுத்துக் கரையேற்றினார். அவர் புதிய குளம் தோண்டியவர் அல்லர். இருந்த குளத்தை அதன் பழைய அளவிற்கு மீட்டவர். அப்பணியே அவரை நாயன்மார் வரிசையில் வைத்தது. நீர்நிலையின் எல்லையைக் காப்பது சிவத்தொண்டு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பழங்கற்படி

பழையதைப் புதுக்குவோர் பழையதன் நினைவை அழித்தல் ஆகாது. இதற்கு வழிகாட்டியவர் செம்பியன் மாதேவியார். சிவபத்தியிற் சிறந்த கண்டராதித்த சோழரின் தேவியாரும் உத்தம சோழரின் அன்னையாரும் ஆகிய இவ்வம்மையார், பத்தாம் நூற்றாண்டில் செங்கற்றளிகளாய் இருந்த பல கோயில்களைக் கற்றளிகளாக மாற்றினார். கோனேரிராசபுரம் எனப்படும் திருநல்லம், திருக்கோடிகாவல், தென்குரங்காடுதுறை முதலிய தலங்கள் அவர் திருப்பணியின் பெருமையை இன்றும் பேசுகின்றன.

அவற்றுள் திருக்கோடிகாவலில் நிகழ்ந்தது நாம் ஊன்றி நோக்கற்குரியது. பழைய கோயிலின் கற்களில் பல்லவர் காலம் முதலாகப் பற்பலர் வைத்த அறங்கள் பொறிக்கப்பட்டிருந்தன. கோயிலைப் பிரித்துக் கட்டுங்கால் அக்கற்கள் சிதறும்; அவற்றோடு அறங்களும் மறக்கப்படும். அம்மையார் அதற்கு இடங்கொடுத்திலர். பழைய கல்வெட்டுக்களைப் படியெடுத்துப் புதிய சுவரில் மீண்டும் வெட்டுவித்தார். படியெடுத்தது என்பது மறையாதவாறு, அவை பழங்கல்லின் படி என்னும் குறிப்பையும் உடன் பொறிப்பித்தார். தம் பெயரை எழுதுதற்குக் கிடைத்த புதுச்சுவரில், தமக்கு முன்னிருந்தோர் பெயரை முதலில் எழுதுவித்த அவ்வுள்ளத்தின் பெருமையை என்னென்பது! திருமடங்களின் புத்தகசாலைகளில் பயின்றோர், செல்லரிக்குமுன் ஏட்டைப் புதிய ஓலையில் பெயர்த்தெழுதும் வழக்கத்தை அறிவர். ஓலைக்குச் செய்ததையே அம்மையார் கல்லிற்குச் செய்தார்.

எழுத்தைக் காத்தலால் விளையும் பயனுக்கு நம் பள்ளத்தாக்கிலேயே சான்று உண்டு. சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகள் இல்லையாயின், பாண்டியர் குலவரலாற்றின் பெரும்பகுதி நமக்கு இருளாகவே இருந்திருக்கும். மதுரையில் சங்கம் வைத்ததையும் பாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் பாண்டியர் பெருமைகளாகக் கூறுவது அச்செப்பேடே. இவ்வூர்க்கு அணித்தாய் வராகநதிக் கரையில் விளங்கும் பெரியகுளம் திருக்கோயில் இராசேந்திர சோழீச்சரம் என்னும் பெயரால் சோழர் தொடர்பை இன்றும் நினைவூட்டுகின்றது. பெயரும் எழுத்தும் போயின், ஊரின் முதுமையும் போம்.

இக்காலத்தில் திருப்பணி என்னும் பெயரால் கல்வெட்டுக்களுக்கு நேர்ந்த தீங்கு சிறிதன்று. சுவரின் அழுக்கை நீக்கவென்று மணலை விசையோடு வீசிக் கல்லைத் தேய்க்கும் முறை ஒருகாலத்துப் பரவியது. அழுக்கோடு எழுத்தும், சிற்பத்தின் நுண்மையும் தேய்ந்தன. அறிஞர் முறையிட்டதன் பயனாக அரசு அம்முறையைத் தடைசெய்தது. 2021 சூன் 7இல் சென்னை உயர்நீதிமன்றம் தொன்மைக் கோயில்களையும் சின்னங்களையும் காத்தல் குறித்து 75 கட்டளைகள் அடங்கிய தீர்ப்பினை வழங்கியது. சட்டம் காவல் செய்வது நன்றே. ஆயினும், ஊரார் உள்ளத்தில் அக்கருத்து வேரூன்றாவிடில் சட்டம் எவ்வளவு தொலைவு வந்து காக்கும்?

பொதுப்பயன் கொண்ட கட்டடம்

கோயில் வழிபாட்டிற்கு உரியது. அவ்வழிபாட்டின் வழியே ஊரின் உயிர்நிலையாகவும் இருந்தது. எண்ணாயிரம் என்னும் ஊரில், முதலாம் இராசேந்திர சோழர் காலத்தில், திருமால் கோயிலைச் சார்ந்து பெருங்கல்லூரி ஒன்று நடைபெற்றது. அங்கே 340 மாணவர் கற்றனர். அவர்க்கு உணவும் ஆசிரியர்க்கு ஊதியமும் நிவந்தத்தினின்று அளிக்கப்பெற்றன. திருமுக்கூடலில் வீரராசேந்திர சோழர் காலத்தில் கல்விச்சாலையோடு ஆதுலர்சாலையும் இருந்தது. நோயாளர் கிடக்கப் 15 கிடக்கைகளும், மருத்துவரும், அறுவை செய்வாரும், பணிப்பெண்டிரும் அங்கு அமைந்திருந்ததைக் கல்வெட்டு விரித்துரைக்கின்றது. சேமித்து வைத்த மருந்துகளின் பெயர்களையும் அது விடாது கூறுகின்றது.

உத்தரமேரூரின் செய்தி இன்னும் வியப்புடையது. முதலாம் பராந்தகர் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், குடவோலை முறையை வகுத்துரைக்கும் கல்வெட்டுக்கள் அங்கே பொறிக்கப்பட்டன. அவை அமைந்துள்ள இடம், ஊர்ச்சபை கூடிய மண்டபமாய் இருந்து பின்னர்த் திருமால் கோயிலாயிற்று என அறிஞர் கூறுவர். சபை கூடிய இடம் இறைவன் உறையும் இடமாக மாறியபோதும், சபையின் விதிகளைச் சொல்லும் கல் அகற்றப்படவில்லை. பயன் மாறிற்று, நினைவு மாறவில்லை.

இந்நெறி பிற்காலத்தும் தொடர்ந்தது. தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சரபோசி காலத்து ஒரத்தநாட்டில் எழுந்த முத்தாம்பாள் சத்திரம், வழிப்போக்கர்க்கு உணவளித்தது. வழிப்போக்கர் வருகை மாறிய பின்னாளில் மாணவர்க்கு விடுதியாயிற்று. மதுரையில் இராணி மங்கம்மாள் பெயரோடு வழங்கும் தமுக்கம் அரண்மனை, 1959இல் காந்தியடிகள் நினைவு அருங்காட்சியகமாகத் திறக்கப்பெற்றது. அரசர்க்குரியதாய் இருந்த மாளிகையில் இன்று எளிய மக்களின் பிள்ளைகள் நுழைந்து நாட்டு விடுதலையின் வரலாற்றைக் கற்கின்றனர். மீனாட்சியம்மை திருக்கோயிலின் ஆயிரங்கால் மண்டபமும் சிற்பக் காட்சிச்சாலையாக விளங்கிப் பல்லாயிரவர்க்குக் கலையறிவு ஊட்டுகின்றது.

ஆயின், எப்பயனும் தகும் என்று கொள்ளலாமோ எனின், ஆகாது. அதே மதுரைத் திருக்கோயிலில் 2018 பெப்ருவரி 2ஆம் நாள் இரவு நேர்ந்ததை நாம் மறத்தற்கில்லை. கீழைக் கோபுரத்தை அடுத்த வீரவசந்தராயர் மண்டபப் பகுதியில் இருந்த கடைகளில் தீப்பற்றியது. கருங்கல் தீயால் எரிவதன்று. ஆனால், வெம்மை மிகுந்தால் வெடித்துப் பிளக்கும். நூற்றாண்டுகள் பல கண்ட தூண்களும் மேற்கூரைக் கற்களும் ஓர் இரவிற் சிதைந்தன. அதன்பின் கடைகள் அகற்றப்பட்டன. இராசிபுரப் பகுதியினின்று பெருங்கற்கள் கொணரப்பட்டன. தூண் தூணாகச் செதுக்கி நிறுத்தும் பணி ஆண்டுக்கணக்கில் நீண்டது. ஓர் இரவு அழித்ததை மீட்க எத்தனை உளிகள், எத்தனை கைகள், எத்தனை பகல்கள்!

இதனால் அறியப்படும் நெறி ஒன்று. பழங்கட்டடத்திற்குப் பயன் வேண்டும், பயனற்றது பாழாகும். அப்பயன் கட்டடத்தின் இயல்பிற்கு ஒத்ததாய் இருத்தலும் வேண்டும். ஒவ்வாதது கட்டடத்தையே விழுங்கும். கற்பதும் கேட்பதும் இருந்து உண்பதும் மண்டபத்திற்கு ஒக்கும். தீயும், எளிதில் தீப்பற்றும் சரக்கும், சுவரைத் துளைத்து ஓடும் மின்கம்பியும் ஒவ்வா.

அட்டபந்தனம் கற்பிக்கும் பாடம்

பொருள்களைத் தேர்ந்தெடுப்பதிலும் முன்னோர் அறிவு நுட்பமானது. திருவுருவைப் பீடத்தோடு பொருத்தும் அட்டபந்தன மருந்தினை எண்ணுக. கொம்பரக்கு, சுக்கான்கல், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்னும் எட்டும் சேர்த்து இடிக்கப்பெற்ற அம்மருந்து, திருவுருவிற்கும் பீடத்திற்கும் இடையே நீர் புகாது காக்கும். கல்லினும் கடிதாய் இறுகிக் கல்லைப் பிளவாது. நாளடைவில் தன் நெகிழ்ச்சி குன்றுங்கால், கல்லிற்கு ஊறு நேராதபடி அதனை நீக்கிப் புதிய மருந்து சாத்தலாம். பன்னீராண்டிற்கு ஒருமுறை நன்னீராட்டு என்னும் மரபில் இக்கருத்தும் உடன் அடங்கியுள்ளது. தான் தேய்ந்து, தான் காப்பதைத் தேயாமற் காப்பதே நல்ல துணைப்பொருள்.

சுண்ணாம்புச் சாந்தும் அத்தகையதே. நீற்றிய சுண்ணாம்பை மணலோடு கூட்டி, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்துப் பதப்படுத்திய காரை, செங்கல்லோடும் சுதையோடும் இணங்கி நிற்கும். சுவரினுட் புகுந்த ஈரம் அதன் வழியே வெளியேறும். சிமிட்டியோ அங்ஙனம் அன்று. அது விரைவில் இறுகும், வன்மையும் மிகும். ஆயின், அதன் வன்மையே பழஞ்சுவருக்குப் பகை. உள்ளே தங்கிய ஈரம் வெளியேற வழியின்றி உப்போடு கூடிச் செங்கல்லை உதிர்க்கும். மேற்பூச்சு புதிதாய்ப் பொலிய, உள்ளே சுவர் பொடியாகும். பத்தாண்டு கழித்துப் பூச்சு பெயர்ந்து விழுங்கால் அதனோடு பழஞ்சுதையும் விழும்.

மற்றொரு காரணமும் உண்டு. உலக மாந்தர் வெளியிடும் கரிவளியில் ஏறத்தாழ நூற்றுக்கு 7 அல்லது 8 பங்கு சிமிட்டி செய்தலால் விளைகின்றது என்பர். காற்றின் வெம்மை கூடி, மழை முறைதவறிப் பெய்யும் இந்நாளில், நிற்கும் கட்டடத்தை இடித்துப் புதியது எழுப்புதல் இருமுறை இழப்பாகும். முன்னோர் உழைப்பு மண்ணாகும். புதிய சுமை வானத்திற்கு ஏறும். நிற்பதைப் பேணுதலே சிக்கனம். அதுவே சீவகாருணியமும் ஆம்.

இவ்வழி நின்று பணிசெய்து உலகம் போற்றப் பெற்றோர் நம் நாட்டிலேயே உளர். திருவரங்கம் பெரியகோயிலில் 2015இல் நன்னீராட்டு நிகழ்ந்த திருப்பணியின்போது, பிற்காலத்து ஏறிய வேண்டாக் கட்டுமானங்கள் நீக்கப்பட்டன. மழைநீர் வடியும் பழைய நீர்வழிகள் தூர்வாரித் திறக்கப்பட்டன. அப்பணிக்கு 2017இல் யுனெசுகோ நிறுவனத்தின் ஆசிய பசிபிக் மரபுக்காப்பு விருது கிடைத்தது. கும்பகோணத்தை அடுத்த துக்காச்சி ஆபத்சகாயேசுவரர் திருக்கோயில் திருப்பணிக்கும் 2024ஆம் ஆண்டிற்குரிய அவ்விருது கிடைத்தது. பேரூர்க் கோயிலுக்கே அன்றிச் சிற்றூர்க் கோயிலுக்கும் அப்பெருமை வாய்க்கும் என்பதற்குத் துக்காச்சியே சான்று.

வானீரும் திருக்குளமும்

கோயில் கட்டிய நம் பெருமக்கள், கூரையில் விழும் மழைத்துளி எங்கே சென்று சேரும் என்பதையும் கணக்கிட்டே கட்டினர். தஞ்சையில் செவ்வப்பநாயக்கன் ஏரியின் நீர் சிவகங்கைக் குளத்திற்கும், அங்கிருந்து நிலத்தடிக் கால்வாய் வழியே நகரினுள் ஐயன்குளத்திற்கும் சென்றது. நெடுங்காலம் மறந்துகிடந்த அக்கால்வாய், ஐயன்குளத்தைப் புதுக்கும் பணியின்போது 2021 அளவில் மீண்டும் அறியப்பட்டு நீரோடும் நிலைக்கு வந்தது. நானூறு ஆண்டுப் பழமையுடைய ஒரு வழி, அடைப்பு நீங்கியவுடன் தன் தொழிலைத் தானே செய்யத் தொடங்கியது! புதிய பொறி எதுவும் வேண்டப்படவில்லை. பழைய அறிவை மறைத்த மண் நீங்கியதே போதுமாயிற்று.

2003இல் தமிழக அரசு கட்டடந்தோறும் மழைநீர் சேமிப்பைக் கட்டாயமாக்கியபோது, பலர் அதனைப் புதுமை என எண்ணினர். தெப்பக்குளம் உடைய எந்த ஊரினர்க்கும் அது புதுமை அன்று. குளத்திற்கு நீர்வரும் வாய்க்கால் மனைகளாய் மாறிய ஊர்களில் மட்டுமே அது புதுமையாயிற்று.

நம் நாட்டு அணையின் சான்று

கோயிலுக்கு வெளியேயும் ஒரு சான்று காண்போம். நம் தேனி மாவட்டத்தார் உள்ளத்தில் தெய்வத்திற்கு அடுத்த இடத்தில் வைத்துப் போற்றும் பொதுக்கட்டடம் முல்லைப்பெரியாற்று அணை. 1886இல் உடன்படிக்கை முடிந்து, 1887இல் வேலை தொடங்கி, பென்னிகுயிக் என்னும் ஆங்கிலப் பொறியாளரின் தளராத முயற்சியால் 1895இல் அது நிறைவெய்தியது. மேற்கே ஓடிக் கடலிற் கலந்த நீர், மலையைக் குடைந்த சுரங்க வழியே கிழக்கே திரும்பிக் கம்பம் பள்ளத்தாக்கையும் வையையின் கீழ்ப்பால் நிலங்களையும் வாழ்வித்தது. அவ்வணையின் உள்ளீடு கருங்கல்லும், சுண்ணாம்பும், சுட்ட செங்கற்பொடியாகிய சுருக்கியும் கலந்த சாந்துமே ஆம். விமானம் கட்டிய அறிவும் அணை கட்டிய அறிவும் ஒரே சுண்ணாம்புக் காளவாயிற் பிறந்தவை.

1979 அளவில் அணை முதுமையுற்றது என்னும் அச்சம் எழுந்தது. நீர்மட்டம் 136 அடிக்குக் குறைக்கப்பட்டது. அணையை விட்டுவிடாது வலுப்படுத்தலாம் என மத்திய நீர்வள ஆணையம் கண்டது. அணையின் தலைமேல் கம்பி வலுவூட்டிய கற்காரைக் கவசம் ஏற்றப்பட்டது. மேலிருந்து அடிப்பாறை வரையில் துளையிட்டு எஃகு வடங்கள் இறுக்கப்பட்டன. பின்புறம் கற்காரைச் சுவர் அணைத்துக் கட்டப்பட்டது. இரு மாநிலங்களின் வழக்கினை ஆராய்ந்த உச்சநீதிமன்றம், 2014 மே 7இல், நீரை 142 அடி வரையில் தேக்கலாம் என உறுதிசெய்தது. அவ்வாண்டின் நவம்பரில் நீர் அம்மட்டத்தை எய்தியபோது, பள்ளத்தாக்கின் உழவர் மகிழ்ந்த மகிழ்ச்சியை எல்லோரும் அறிவர்.

இவ்வணையின் பயனும் காலத்தொடு விரிந்தது. பாசனத்திற்கென்றே கட்டிய அது, மலையினின்று இறங்கும் நீரின் விசையால் 1950களின் இறுதி தொட்டுக் கீழ்முகாமில் மின்னாற்றலும் அளிக்கின்றது. ஒரு கட்டடம், ஒரே நீர், இருவகைப் பயன். பழமை என்பது பயன் தீர்ந்த நிலை அன்று என்பதற்கு நம் கண்ணெதிரே நிற்கும் சான்று இது.

ஈண்டு ஒன்று தெளிதல் வேண்டும். அணைக்குக் கற்காரை பொருந்திற்று ஆதலின் கோயிலுக்கும் பொருந்தும் என எண்ணற்க. அணை தாங்குவது நீரின் பெருஞ்சுமை. அதற்கு வேண்டியதை அளந்தறிந்தோர் அதற்கேற்பச் செய்தனர். விமானம் தாங்குவது மழையையும் வெயிலையும். அதற்கு வேண்டுவது சுவாசிக்கும் சாந்து. இரண்டிற்கும் பொதுவான பாடம், இடிக்கத் துணியுமுன் அளக்கவும் ஆராயவும் வேண்டும் என்பதே.

பிற நாட்டார் கண்ட நெறி

பிற நாடுகளும் இதனை வேறுவேறு வகையாற் கண்டுள்ளன. உரோமை நகரில் ஏட்ரியன் பேரரசன் காலத்தில், கி.பி. 125 அளவில் நிறைவெய்திய பாந்தியன் என்னும் கோயில், 609இல் கிறித்தவர் வழிபாட்டிடமாயிற்று. சமயம் மாறியபோதும் வழிபாடு அறாமையால், ஏறத்தாழ 1900 ஆண்டுகளாய் அதன் குவிமாடம் குலையாது நிற்கின்றது. சப்பான் நாட்டு ஈசே திருக்கோயிலார், மரத்தால் ஆகிய தம் கோயிலை 20 ஆண்டிற்கு ஒருமுறை அதே அளவில் அதே முறையில் புதிதாய் எடுப்பர். 2013இல் 62ஆம் முறையாக அது நிகழ்ந்தது. அவர்கள் காப்பது மரத்தை அன்று, தச்சுக்கலையை. தந்தை மைந்தனுக்குக் கற்பிக்க அவ்விருபதாண்டு போதுமானது. நம் பன்னீராண்டு முறையும் அங்ஙனம் சிற்பிக்கும் சுதை வேலைக்காரர்க்கும் காரை அரைப்பார்க்கும் கலை அறாது கைமாற உதவத்தக்கது. அவர்களைத் தேடிப் பணி கொடாவிடில், கலசம் பொலியும்; கை மறந்துபோம்.

நாம் செய்யத்தக்கன

இனி, நம் வடுகபட்டியில் நாம் செய்யத்தக்கன யாவை? பொருள் வழங்கும் அன்பர்களின் ஈகையாலேயே இப்பெருவிழா நிகழ்கின்றது. அவ்வீகையை வணங்கியே இதனைக் கூறுகின்றேன். புதிய வளைவு, புதிய பளிங்குத் தளம், புதிய கூடம் என்று கேட்டவுடன் கை விரியும்; ஒழுகும் மேற்றளத்திற்குச் சுண்ணாம்புக் கற்றளவரிசை போடுக என்றால் சற்றுத் தயங்கும். வளைவில் பெயர் தோன்றும், மேற்றளத்தில் தோன்றாது. ஆயினும், மழைநாளில் மூலவர் மேல் நீர் சொட்டாதபடி காத்தவர் பெயர் எங்கே எழுதப்படும் என்பதைச் சிவபெருமான் அறிவார்.

ஆதலின், எத்தூணையும் எச்சுவரையும் தொடுமுன், உள்ளபடி நிழற்படம் எடுத்து, எழுத்து உளதாயின் அறிந்தாரைக் கொண்டு படியெடுத்து வைத்தல் முதற்பணி. பளிங்கும் பீங்கானும் பதித்த தளம், கோடையிற் காலைச் சுடும். மழையில் வழுக்கி முதியோரை வீழ்த்தும். கருங்கல் தளத்தின் சொரசொரப்பே அடியார்க்குப் பாதுகாப்பு. ஆண்டுதோறும் மழை தொடங்குமுன் மேற்றளத்தின் நீர்த்தூம்புகளைத் துப்புரவு செய்து, அந்நீர் குளத்திற்கோ கிணற்றிற்கோ சேரும் வழியைச் செப்பனிடுதல் வேண்டும். மின்விளக்கு வேண்டுமிடத்துக் கல்லைத் துளையாது கம்பி செல்லுமாறு அமைத்தல் வேண்டும். நடக்கவியலாதார் உள்ளே வருதற்குப் படியை உடையாமல், வேண்டும்போது வைத்து எடுக்கத்தக்க மரச்சாய்வு போதும். அன்னம் சமைக்கும் தீ மண்டபத்திற்கு வெளியே இருக்கட்டும். உண்பார் உள்ளே நிழலில் இருக்கட்டும். 2002இல் திருமலையில் ஞாயிற்றின் வெம்மையால் எழுந்த நீராவிகொண்டு பல்லாயிரவர்க்குச் சமைக்கும் முறையை அமைத்தனர். அத்தகைய தட்டுகளை மடைப்பள்ளியின் கூரையில் வைக்கலாம். விமானத்தின் அருகே அன்று.

பழைய மண்டபம் நாள்முழுதும் பூட்டிக் கிடத்தல் அதற்கு நலம் அன்று. காற்று உலவாத இடத்தில் வெளவாலும் ஈரமும் குடியேறும். காலையில் திருமுறை பயிலும் சிறார் குரலும், மாலையில் பாடம் படிக்கும் பிள்ளைகளின் விளக்கொளியும், வெயிற்காலத்தில் சந்தைக்கு வந்து திரும்பும் உழவர்க்கு ஒரு குவளை நீர்மோரும் அங்கே அமையுமாயின், எண்ணாயிரத்துக் கல்லூரியும் திருமுக்கூடல் ஆதுலர்சாலையும் சிறிய வடிவில் நம்மூரிலும் விளங்கும். மக்கள் நாளும் புழங்கும் இடத்தில் ஓர் ஓடு நழுவினாலும் அன்றே தெரியும்; அன்றே திருத்தப்படும்.

இவையெல்லாம் நடத்தற்கு வேண்டுவது ஒன்று. இந்நன்னீராட்டிற்கு வந்த பொருளில் ஒரு பகுதியை, முதல் கெடாது வட்டி மட்டும் செலவாகும்படி, புதுக்குப்புறமாக ஒதுக்கிவைத்தல் வேண்டும். அறமன்றத்தாரும் ஊர்ப்பெரியோரும் கூடி, அறநிலையத்துறையின் இசைவோடு இதனை முறைப்படுத்தலாம். சோழர் காலத்தில் ஒரு நந்தாவிளக்கிற்கு 96 ஆடு விட்டனர். ஆடு மூத்தாலும் சாவினும் குட்டிகளால் அத்தொகை குறையாது நிற்குமாறு பார்த்தனர்; ஆதலின் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றனர். விளக்கு எரிந்தது ஆட்டால் மட்டும் அன்று. எண்ணிக்கை குறையவிடாத பொறுப்பால். அத்தகைய சாவா மூவா முதல் ஒன்றை நாமும் வைப்போமாயின், அடுத்த பன்னீராண்டில் நம் மக்கள் பழுதுபட்ட கோயிலை நோக்கி வருந்தாது, பேணப்பட்ட கோயிலை நோக்கி மகிழ்ந்து, மீண்டும் ஒரு நன்னீராட்டினைச் செய்வர்.

கோயிலைக் கட்டினார் பெயர் பல வேளையில் மறைந்துபோயிற்று. நாள்தோறும் அதனைக் காத்தார் பெயரோ என்றும் எழுதப்பட்டதே இல்லை. ஆயினும் இன்று நாம் வணங்கும் ஒவ்வொரு பழங்கோயிலும் அப்பெயரிலார் கையால் நம்மிடம் வந்து சேர்ந்ததே. அவ்வரிசையில் ஒருவராய் நிற்கும் பேற்றினை இவ்வூர் மெய்யன்பர் அனைவர்க்கும் எல்லாம்வல்ல இறைவன் அருளுவானாக. மழை வழாது பெய்க, குளம் நிறைக, அடியார் குழாம் பெருகுக, வடுகபட்டி வாழ்க.

திருச்சிற்றம்பலம்